கை ஊன்றாமல்

"அந்தப் புள்ளையக் கொஞ்சம் கீழ இறக்கி விடேன். இடுப்பு ஒடிஞ்சிடப் போகுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தூக்கக் கலக்கம். எறக்குனா அழுவா" என்று பாப்பாவை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள் தங்கை. மூன்று வயதுப் பாப்பாவோ கண்ணைக் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் அக்காவின் மகன் கிடந்தான். பதினைந்து வயது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டை அதட்டி வேலை வாங்குவான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'முதலாளி'. விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. அக்கா தலைமாட்டில் சுவரோடு சாய்ந்திருந்தாள். இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டது அண்ணனையும் தம்பியையும். ஒரே வீடு, ஒரே சமையல். முதலாளிக்கு நோய் தெரிந்த அன்றே டாக்டர் புட்டுப்புட்டு வைத்துவிட்டார். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒளிந்திருந்து பிள்ளையிடம் வந்து சேர்ந்துகொள்கிற வியாதி. கைகால் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தம்பி வீட்டில் குழந்தை பிறந்தால் அதையும் கூட்டி வாருங்கள் என்றார். பாப்பா பிறந்தாள். நடந்தாள், விழுந்தாள். விழாத குழந்தை உண்டா என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திவிட்டாள் தங்கை.

கடத்தியதோடு விட்டாளா? அக்காவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய், பிசியோதெரபி அம்மா பிள்ளைகளைச் சோதிக்கும் விதம் அவளுக்கு அத்துப்படி. தரையில் உட்கார வைத்து, "எங்கே, எந்திரி பார்ப்போம்" என்பார். தொடையில் கை ஊன்றி எழுந்தால், கால் பலம் குறைகிறது என்று முகம் மாறாமல் மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவார். ஒருநாள் பாப்பாவும் அப்படி எழுந்ததைத் தங்கை பார்த்துவிட்டாள். அதிலிருந்து தினமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கை ஊன்றாமல் எழும்பச் சொல்லிப் பழக்கினாள். உருப்போட வைத்தால் தேறிவிடும் என்று நினைத்தாள் பைத்தியக்காரி.

அந்த அம்மாவே இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் பெட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கை சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் நழுவினாள்.

"பாப்பாவ எங்கிட்ட குடுடி" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா, உன்னப் படுத்துவா."

"குடுன்னா குடு."

இன்றைக்கு அக்கா கேட்டு எதை மறுப்பது? கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலுக்குப் பின்வாங்கி நின்றாள். எழுந்துவிடாதே, எழுந்துவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. பாப்பா பெரியம்மாவின் மடியில் கொஞ்ச நேரம்கூட இருக்கவில்லை. வழுக்கிக்கொண்டு தரையில் இறங்கி, உட்கார்ந்தபடியே கண்ணாடியில் மூக்கை அழுத்தி அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா தூங்குதா?"

பாப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கை நீட்டினாள்.

"அங்கயே இரு, அம்மா வரேன்" என்று தங்கை பாய்ந்தாள். நடுவில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் பாப்பா இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு எழப் பார்த்தாள். பொத்தென்று சாய்ந்தாள். மறுபடியும் கட்டிக்கொண்டாள். மறுபடியும் சாய்ந்தாள். மூலையில் யாரோ சிரித்தார்கள்.

பாப்பாவுக்கு உதடு பிதுங்கியது. "கை வெக்கக் கூடாதுல்லம்மா?"

பிசியோதெரபி அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். தங்கைக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அக்கா குழந்தையின் பக்கம் நகர்ந்தாள்.

"கை வச்சே எந்திரி, தங்கம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பாப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினாள், முழங்காலில் ஊன்றினாள், தொடையில் ஊன்றினாள். தன் மேலேயே ஏறுவதுபோல மெல்ல மெல்ல நிமிர்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், தொட்டும் தொடாமலும், அக்காவின் கை கூடவே மேலே வந்தது.