பில் இல்லாத பெட்டி

பூக் கமிஷன் கடையில் மல்லிகையை எடை போட்டுவிட்டு ஆத்மநாதன் வீடு திரும்பியபோது காலை எட்டு மணி. வண்டியின் முன்னால் காலிக் கூடை இருந்தது. கூடைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டைப் பெட்டி. அவர் முகத்தில் யாரையோ ஏமாற்றிவிட்டு வந்த சந்தோஷம். அப்படிப்பட்ட சந்தோஷத்தோடு ஒரு மனிதர் வீட்டுக்குள் நுழைந்தால், ஏமாந்தது யார் என்று கொஞ்சம் விசாரிப்பது நல்லது. அவர் மனைவி மீனம்மாளுக்கு அடுப்பில் வேலை கிடந்தது. அவள் விசாரிக்கவில்லை.

அவர்கள் வீட்டு டிவி பழசு. இன்டர்நெட் அதில் நேரடியாக வராது. பின்னால் ஒரு ஸ்டிக்கைச் செருகினால் போனில் பார்ப்பதையெல்லாம் டிவியிலேயே பார்க்கலாம் என்று மகள் பிரகதீஸ்வரி சொல்லியிருந்தாள். நாலு கம்பெனிச் சாமானை ஒப்பிட்டுப் பார்த்து, கையைக் கடிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தாள். விலை மூவாயிரத்துச் சொச்சம். ஆடித் தள்ளுபடியில் ஆயிரம் குறையும், அதுவரை பொறுங்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் பொறுமை மூன்று வாரம் நின்றது. நாலாவது வாரம் கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவன் குடை நட்டு, மடக்கு மேஜை போட்டு, கறுப்பு கறுப்பாகப் பெட்டிகளை அடுக்கியிருந்தான். ஆயிரத்து ஐந்நூறுதான் என்றான். மாதச் சந்தா கிடையாது, தியேட்டரில் ஓடுகிற படமே வரும், ஒரு பைசா கட்ட வேண்டாம் என்றான். ஒரு பைசா கட்ட வேண்டாம் என்ற பேச்சுக்கு நம்மில் மயங்காதவர் யார்? நம் தோட்டத்தில் எவனாவது வேலி தாண்டி ஒரு முழம் பூப் பறித்தால் ஊரைக் கூட்டுவோம். அடுத்தவன் எடுத்த படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது மட்டும் நமக்குத் திருட்டாகவே தெரியாது.

பெட்டியை மாட்டியதும் டிவித் திரையில் ஏதேதோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று அமுக்கச் சொல்லியிருந்தான் விற்றவன். பாதுகாப்பை நிறுத்திவிடவா என்று கேட்டதற்கும் ஆத்மநாதன் சரி என்றே அமுக்கினார். மதியம் வந்த பிரகதீஸ்வரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனிப் பெயர் இல்லை, முகவரி இல்லை. பில் எங்கே என்று கேட்டாள். படம் தெரிகிறதா இல்லையா, அதை மட்டும் பார் என்றார் அப்பா. அவளும் முணுமுணுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வீட்டில் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் பிரகதீஸ்வரி பெயரில்தான் வாங்குவார்கள். அவள் பிறந்த வருஷம்தான் அவர்களுடைய போர்வெல்லில் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து அது ராசியான பெயர் ஆகிவிட்டது. கேஸ் இணைப்பு, இருசக்கர வண்டி, இன்டர்நெட் இணைப்பு எல்லாம் அவள் பெயரில். அந்த ராசி இப்போது இன்னொரு நல்லதையும் கொண்டுவந்திருந்தது. அவள் போலீஸ் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் தேறியிருந்தாள். இனி விசாரணை ஒன்றுதான் பாக்கி. இந்தப் பெண் மேல் வழக்கு ஏதும் உண்டா, நடத்தை எப்படி என்று விசாரித்து, ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டால் வேலைக்கான ஆர்டர் வந்துவிடும். ஆத்மநாதன் அந்தப் பெருமையோடு பெட்டியின் பெருமையையும் சேர்த்துப் பேசித் திரிந்தார். அவர் பேச்சைக் கேட்டு, மச்சினன் ரத்தினவேல் உட்பட ஐந்து வீட்டுக்காரர்கள் அதே பெட்டியை வாங்கினார்கள்.

பத்து நாளில் இன்டர்நெட் மந்தமானது. ஒரு மதியம் பிரகதீஸ்வரி தற்செயலாக மோடத்தைப் பார்த்தாள். டிவி அணைந்திருந்தது. வீட்டில் யாரும் போனைத் தொடவில்லை. ஆனால் மோடத்தின் விளக்கு விடாமல் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. கறுப்புப் பெட்டியைத் தொட்டாள், கொதித்தது. அதன் ஒயரைப் பிடுங்கினாள். மோடம் அமைதியானது. திரும்பச் செருகியதும் படபடப்பு மறுபடி தொடங்கியது. யாருமே பார்க்காத டிவிக்காக அந்தப் பெட்டி யாரிடம் இவ்வளவு பேசிக்கொண்டிருக்கிறது? அவள் ஒயரை மறுபடி பிடுங்கி வைத்தாள். அப்பாவிடம் சொன்னபோது, கரண்டில் ஓடுகிற பொருள் சூடாகாமல் என்ன செய்யும் என்று சிரித்தார். அவள் பிடுங்கி வைத்த ஒயரை, அவள் வெளியே போனதும் திரும்பவும் செருகினார்.

அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், அவள் பெயரிலுள்ள இன்டர்நெட் இணைப்பு சம்பந்தமாக விசாரிக்க வேண்டும் என்று, மறுநாள் காலை பத்து மணிக்குப் புதுக்கோட்டைக்கு வரச் சொன்னார். போலீஸ் என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களைப் பற்றி அவள் நிறையப் படித்தவள். ஒரு விவரமும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, நேராக உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டாள். அழைப்பு மோசடியாக இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள். அங்கிருந்தவர்கள் விசாரித்துவிட்டு, நிஜம்தான் என்றார்கள். கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வங்கிக் கணக்கை யாரோ துடைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் நுழைந்தவன் வந்த வழி, பிரகதீஸ்வரி பெயரிலுள்ள இணைப்பு.

அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. போன் அடித்தால் மீனம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஆத்மநாதன் எழுந்து நின்றார். வேலைக்கான விசாரணைக்கு வரும் போலீஸ்காரர் மகளின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் இனி என்ன வரும் என்ற ஒரே நினைப்புதான் அவருக்கு. இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடிய பிள்ளை அவள்.

மறுநாள் விடிந்ததும் மகள் பின்வாசல் பக்கம் வந்தபோது, அவர் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டாள். அவர் குளத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"இது இருந்தாத்தானே ஆத்தா கேப்பாக. இல்லேன்னா என்னத்தக் கேப்பாக?"

பிரகதீஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்தப் பெட்டி ஒன்னுதான் எனக்குச் சாட்சி. இதக் குளத்துல போட்டுட்டா, அந்தக் களவு நான் பண்ணுனதா ஆயிரும்."

ஆத்மநாதன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பயத்தில் மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளையே மாட்டிவிடப் பார்த்தோமே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

புதுக்கோட்டையில் சப்-இன்ஸ்பெக்டர் அருள்தாஸ் அவர்களை உட்கார வைத்துப் பேசினார். துண்டைப் பிரித்துப் பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. பேர் தெரியாத இந்த மாதிரிப் பெட்டிகள் சிலவற்றில், செய்யும்போதே ஒரு திருட்டு புரோகிராமை உள்ளே வைத்துவிடுகிறார்கள் என்று விளக்கினார். எங்கோ இருக்கும் திருடன் அதன் வழியாக நம் வீட்டு இன்டர்நெட்டுக்குள் வந்து, நம் முகவரியைத் தன் முகவரியாகக் காட்டிக் களவு செய்வான். நாம் படம் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறகு அவர் ஆத்மநாதனிடம் கேட்டார்.

"இதுக்கு பில் இருக்கா?"

"இல்லீங்க."

"வித்தவன் பேரு என்ன?"

"தெரியாதுங்க."

"இப்ப அவன் எங்க இருப்பான்?"

குடை, மடக்கு மேஜை, ஒரு சிரித்த முகம். அவ்வளவுதான் ஆத்மநாதனுக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் என் தப்பு, என் பேரை எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று கைகூப்பினார். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அருள்தாஸ். காக்கிச் சட்டையோடு நுழைய வேண்டும் என்று ஆசைப்பட்ட இடத்தில், சந்தேகத்துக்கு ஆளானவளாக உட்கார்ந்து பிரகதீஸ்வரி வாக்குமூலம் எழுதினாள். எழுதும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு மேலே எழுதினாள். ஆத்மநாதனால் அதைப் பார்க்க முடியவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது நல்லதாகப் போயிற்று, பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்றார் அருள்தாஸ். முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குள் வேலைக்கான விசாரணை வந்தால் என்ன ஆகும் என்றும் அவர் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் ஆத்மநாதன் வீட்டுக்குள் போகவில்லை. தன் பேச்சைக் கேட்டுப் பெட்டி வாங்கியவர்களின் வீடுகளுக்கு நடந்தார். நாலு வீட்டில் ஸ்டேஷனுக்குப் போய் வந்த கதையைக் கேட்டதுமே மிரண்டுபோய்ப் பிடுங்கிவிட்டார்கள். ஐந்தாவதாக மச்சினன் வீடு. ரத்தினவேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, முந்தின நாள்தான் வெளியான படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை மச்சான், படம் ஓசியாக வருகிறது, எதற்குக் கழற்ற வேண்டும் என்று சிரித்தான். பக்கத்தில் அவன் மகள் காவ்யா பிளஸ் டூப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆத்மநாதன் டிவிக்கும் ரத்தினவேலுக்கும் நடுவில் போய் நின்றார்.

"எம் பெட்டியும் இப்படித்தான் நல்லா ஓடுச்சு மாப்ள. எம் புள்ளைக்கு ஆர்டர் வருமா வராதான்னு இப்ப எனக்குத் தெரியாது. அங்கன மூணு கேள்வி கேட்டாக, ஒன்னுக்கும் என்னால பதில் சொல்ல முடியல. கொறஞ்ச வெலையில வாங்குறது தப்பில்ல. யாரு செஞ்சது, யாரு வித்ததுன்னே தெரியாத ஒன்ன, ஓசியில வருதுங்கிற ஆசையில வீட்டுக்குள்ள விட்டேன் பாரு, அதுதான் தப்பு. அடுத்தவன் பொருளை ஓசியில பாக்க நெனச்சேன். எவனோ ஒரு களவாணி எம் புள்ள பேரை ஓசியில எடுத்துக்கிட்டான்."