பதினோரு நிமிடம் காணவில்லை

வண்டி வீட்டு வாசலில் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பற்றியிருந்த இரண்டு கைகளும் தன்னுடையவைதான் என்று புரிய அவளுக்குச் சில நொடிகள் பிடித்தன.

எப்படி வந்தேன்?

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியது நினைவிருந்தது. மேம்பாலத்தில் ஏறியபோது மணி பார்த்ததும் நினைவிருந்தது. எட்டு இருபத்தேழு. இப்போது எட்டு முப்பத்தெட்டு. நடுவே பதினோரு நிமிடத்தை யாரோ கத்தரித்து எடுத்துப் போயிருந்தார்கள்.

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். வார்டில் அவளுக்கு 'அலாரம்' என்று பட்டப்பெயர். இரவுப் பணியில் யார் கண்ணசந்தாலும் முதுகில் தட்டி எழுப்பிவிடுவாள். நேற்று மதியம் இரண்டு மணிக்கு டூட்டிக்குப் போனவள், இரவுக்கு வரவேண்டியவள் வராததால் அந்த வேலையையும் தலையில் போட்டுக்கொண்டாள். காலையில் கிளம்பும்போது வாசல் காவலாளி அவள் முகத்தைப் பார்த்துத் தடுத்தார்.

"சிஸ்டர், கண்ணு ரெண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கு. ஒரு மணி நேரம் கட்டையைச் சாச்சுட்டுப் போங்க. இல்லைன்னா சாவியைக் குடுத்துட்டு பஸ்ல போங்க."

"அண்ணே, அலாரம் எங்கயாவது தூங்குமா?"

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள். இரண்டு கப் காபி, முகத்தில் ஐஸ் தண்ணீர், இறக்கிவிட்ட ஜன்னல், அலறும் ரேடியோ. தெரிந்த வித்தை ஒன்றையும் விடவில்லை.

கணவன் ஒரு கையில் ஷூவோடு வெளியே வந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்தான வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவன். அதனால் அவன் கண் முதலில் மனைவியிடம் போகவில்லை.

"இடது பக்கக் கண்ணாடி எங்கே?"

இறங்கிச் சுற்றி வந்தாள். கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின. உடைந்த பிளாஸ்டிக் விளிம்பில் ஒரு துணிப்பட்டை மாட்டியிருந்தது. விரல் நீளம்தான். கருநீலத்தில் மஞ்சள் நூல் தையல்.

புத்தகப் பையின் தோள் வார்.

அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். மேம்பாலத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

"எங்கயாவது கம்பத்துல உரசியிருப்பே."

"கம்பம் பையை மாட்டிக்கிட்டா நிக்கும்?"

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உள்ளே போய்ப் படு. எழுந்திரிச்சதும் யோசிக்கலாம். நாமளா போய் ஏன் தலையைக் குடுக்கணும்?"

"நீ ஓட்டுறியா, இல்லை நானே ஓட்டட்டுமா?"

அவன் சட்டென்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

வந்த வழியிலேயே வண்டி ஊர்ந்தது. அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு சாலையின் ஓரத்தை மட்டும் பார்த்தாள். ஒரு திருப்பத்தில் ஏதோ சுருண்டு கிடந்தது. கிட்டே போனால் சிமென்ட் சாக்கு. வேகமாக வரும் வண்டி ஒரு சின்ன உடம்பை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார்டில் தினமும் கட்டுப் போடுகிறவள் அவள்தானே. தெரியாதவர்களுக்கு ஒரு பயம். தெரிந்தவளுக்கு நூறு.

பள்ளி வாசலில் கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மின்னின. பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது 'நில்' பலகையைத் தூக்கிப் பிடிக்கும் பெண் அவற்றைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்கே என்ன ஆச்சு?" அவள் இறங்கிப் போய்க் கேட்டாள். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

"ஏன் கேக்குறீங்க, வெள்ளை வண்டி ஒண்ணு. பலகையை முகத்துக்கு நேரா நீட்டுறேன், நிக்கவேயில்லை. ஒரு பொண்ணோட பையில மாட்டி பத்தடி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. வார் அறுந்துச்சோ, பிழைச்சா. ஓட்டுன அம்மா என்னை நேருக்கு நேரா பாத்துச்சு. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஆனா உள்ளே ஆளில்லை."

அதைச் சொல்லி முடித்தபோதுதான் அந்தப் பெண்ணின் பார்வை வண்டிக்குப் போனது. தொங்கும் ஒயர்களைப் பார்த்தாள். துடைப்பம் கையிலேயே நின்றது.

கணவன் பின்னாலேயே வந்து மனைவியின் முழங்கையைக் கிள்ளினான். "வாயைத் திறக்காதே."

"நான்தான். பிள்ளை எங்கே?"

தலைமையாசிரியை அறையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பக்கத்தில் அவள் அம்மா, பாதி தைத்த ஆர்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள். இன்ச் டேப் இன்னும் கழுத்தில் கிடந்தது. சிறுமி நர்ஸைப் பார்த்ததும் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இவங்கதான்."

அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கணவன் ஆரம்பித்தான். "பாருங்க, பாப்பா திடீர்னு குறுக்கே..."

"இல்லை. நான் தூங்கிட்டேன்," என்றாள் அவள். "பதினெட்டு மணி நேரம் வேலை பாத்துட்டு ஓட்டுனேன். தப்பு முழுசும் என்னோடது. போலீசுக்குச் சொல்லுங்க, நான் எங்கயும் போகலை. ஆனா அதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கணும். வெளியே காயமில்லாம உள்ளே ரத்தம் கசியலாம். இப்படி உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்த பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன்."

அம்மாவின் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது. பார்க்கக் கோபமே தேவலை போலிருந்தது.

தலைமையாசிரியை போலீசுக்குப் போன் போட்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் டாக்சியில் போனார்கள். அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. சிறுமியைத் தள்ளுவண்டியில் ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே பெஞ்சில் அந்த அம்மாவும் அவளும். நடுவே ஒரு ஆள் உட்காருமளவு இடைவெளி. வராந்தாவின் கோடியில் கணவன் போலீஸ்காரரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

மண்ணீரல். கல்லீரல். விலா எலும்பு. அவள் ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள்.

விளக்கு பச்சையாக இருந்தது. கதவு திறந்திருந்தது. எதிரே அந்த அம்மா, இடுப்பில் சிறுமி.

"ஒண்ணுமில்லையாம். டாக்டர் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. உங்க முன்னாடிதான் சொன்னாரு." அந்த அம்மா சிறுமியை இறுக்கிக்கொண்டாள். "என் பிள்ளை பிழைப்பாளான்னு தெரியாம நான் துடிச்சுக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு எப்படிங்க தூக்கம் வருது?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம் போயிருந்தது. தூங்கினதாக நினைவே இல்லை. இவ்வளவு பயத்திலும் வந்துவிட்டது. கேட்காமல், சொல்லாமல்.

"தெரியலைங்க," என்றாள். "காலையிலயும் இப்படித்தான் வந்திருக்கணும். நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்னுதான் நினைச்சேன்."

அந்த அம்மா சிறுமியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.