ஏலக்காரி குரல் ஏறின கதை

ஏலக்காரி முதலில் சந்தேகப்பட்டது புருஷனின் காதைத்தான். ஊரில் பாதி வீட்டுக் கட்டிலும் பீரோவும் அவள் சுத்தியல் தட்டிக் கைமாறியவை. அப்படிப்பட்டவள் "கதவைச் சாத்துங்க" என்றால் மனுஷன் "என்ன?" என்கிறார். மறுபடி சொன்னால் மறுபடி "என்ன?" இது காது இல்லை, கருங்கல் என்று முடிவு கட்டினாள். எந்த டாக்டரையும் கேட்காமல், பாதி விலைக்குப் பேசி ஒரு காது மெஷினை வாங்கி அவருக்கு மாட்டியும் விட்டாள். மெஷின் கொய்யென்று கத்தியது. அவர் அப்போதும் "என்ன?" என்றார்.

கடைசியில் காது டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவர் காது நல்லாத்தான் இருக்கும்மா. குறைஞ்சது உங்க குரல்." அவள் எழுந்து சின்னச் சின்ன அடியாக நடந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அங்கே அதற்குப் பெயர் சொன்னார்கள்: பார்க்கின்சன். கை நடுங்குவது மட்டுமில்லை. காலடி சுருங்கும், கையெழுத்து சுருங்கும், குரலும் சுருங்கும். சுருங்கினவருக்கு மட்டும் அது தெரியாது.

"துணிகூடத்தான் துவைச்சா சுருங்குது" என்று வெளியே வந்து வாய்ச்சவடால் விட்டாள். உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம். காரணம், கேக்கலைக்காரர்.

அவர் பழைய சாமான் வியாபாரி. ஏலக் கூடத்தில் வாசலை ஒட்டிய கடைசி வரிசைதான் அவர் இடம். சுத்தியல் விழுந்த பிறகு எழுந்து, "நீ விலை சொன்னது கேக்கல, திரும்பக் கூப்பிடு" என்பார். காதில் விழாத ஏலம் செல்லாது என்பது கூடத்தின் சட்டம். திரும்பக் கூப்பிடுவதற்குள் முதலில் கேட்டவன் வெறுத்துப்போய் எழுந்து போயிருப்பான். பொருள் அடிமாட்டு விலைக்கு இவருக்கு. போன தடவை ஒரு தேக்கு அலமாரி அப்படித்தான் போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் சுத்தியல் அவள் தம்பி கைக்கு என்று கூடத்து முதலாளி சொல்லிவிட்டார். அவள் தம்பி தங்கமான பையன். வாங்க வந்தவன் மூக்கை உறிஞ்சினாலே விலையைக் குறைத்துவிடுவான்.

நரம்பு டாக்டர் அனுப்பிய குரல் பயிற்சி அறையில் தெரபிஸ்ட் பெண் சத்தம் அளக்கும் கருவியை மேசைமேல் வைத்தாள். "ஆ-ன்னு சொல்லுங்கம்மா. பெரிசா."

சொன்னாள். முள் அறுபதில் நின்றது.

"இன்னும்."

"இதுக்கு மேல கத்தினா போலீஸ் வரும்டி."

"உங்களுக்குத்தான் அது கத்தல். எங்களுக்குச் சாதாரணப் பேச்சு. உள்ள இருக்கிற தராசு கெட்டுப்போச்சும்மா. அதைத்தான் சரி பண்றோம்."

கெட்ட தராசு என்றால் அவளுக்குப் புரியும். தொண்டைக்குப் புரியவில்லை. எத்தனை தடவை வந்தும் முள் அசையவில்லை. ஒருநாள் மூலையில் உட்கார்ந்திருந்த புருஷன் கொட்டாவி விட்டபடி சொன்னார்: "அறுபத்திரண்டுக்கு முடிச்சுக்கம்மா. அதுக்கு மேல போகாது."

ஏலக்காரியிடம், அதுவும் அவள் சரக்குக்கே, அடிவிலை பேசுவதா?

"யாரு சொன்னா போகாதுன்னு? எழுபது!"

முள் எகிறியது. தெரபிஸ்ட் பெண் நாற்காலியை விட்டுத் துள்ளினாள். "இதேதான்மா! இதேதான்!"

"எழுபதுக்குத் தர மாட்டேன். எழுபத்தஞ்சு!"

அன்றிலிருந்து வீடு சந்தையானது. உப்பு கேட்பதும் ஏலம்தான். பொத்தான் போடும் முன் விரல்களை விசிறி மாதிரி விரித்து உதறுவாள். தெருவில் குட்டையைத் தாண்டுகிறவள்போல் எட்டு வைப்பாள். வாசற்படிகளில் மட்டும் கால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அப்போது புருஷன், தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி, தன் காலைக் குறுக்கே நீட்டுவார். அதைத் தாண்டினால் நடை வந்துவிடும்.

"கல்யாணம் ஆனதிலேருந்து உங்களைத் தாண்டித்தானே எல்லாத்துக்கும் போறேன்" என்பாள்.

ஏல நாள் வந்தது. மூடிப்போன ஹோட்டல் ஒன்றின் சாமான்கள். எள் விழ இடமில்லாத கூட்டம். கூடத்து வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. புருஷனோ உள்ளே மேசை தூக்கிக்கொண்டிருந்தார். தலைகள் திரும்பின. தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, சுத்தியலைக் குடு. நான் கூப்பிடறேன்."

பக்கத்திலேயே கேக்கலைக்காரர், வழியை மறித்துக் காலை நீட்டிச் சாவகாசமாகச் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மரியாதைக்குக் காலை இழுக்கப் போனார்.

"மடக்காதீங்க! அந்தக் கால் எனக்கு வேணும்!"

மனுஷன் விறைத்துப்போனார். அவள் ஒரே தாண்டு. அப்புறம் மேடைவரை பெரிய பெரிய எட்டு.

முதல் சாமான், ஆளுயரக் கண்ணாடி. வாயைத் திறந்தாள். தன் குரல் தனக்கே அலறலாகப் பட்டது. கூசியது. குறை, குறை என்றது உள்ளே இருந்த கெட்ட தராசு. அதை நம்பாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு இன்னும் ஏற்றினாள். விலை ஏறியது, கைகள் ஏறின. "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது. சலூன்காரருக்குக் கண்ணாடி.

கேக்கலைக்காரர் பழக்க தோஷத்தில் எழுந்தார். "கேக்க..."

"யோவ், தெருவுல நிக்கிற எனக்கே கேட்டுதுய்யா!" என்றான் வெளியிலிருந்து வண்டிக்காரன்.

கூடம் அதிர்ந்து சிரித்தது. தம்பி விசிலடித்தான். புருஷன் மேசையைக் காலில் போட்டுக்கொண்டதுகூடத் தெரியாமல் கைதட்டினார்.

சாமானெல்லாம் தீர்ந்த பிறகு அவள் தன் கைப்பையைத் திறந்தாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி! காது மெஷின்! போட்டிருந்தவர் காதுல பழுதே இல்ல, அதனால புதுசு மாதிரி! கடைசி வரிசையில யாருக்காவது வேணுமா?"

எல்லாக் கழுத்தும் பின்னால் திரும்பின. கேக்கலைக்காரரும் வியாபாரிதான்; தோற்றால் சிரித்துக்கொண்டே தோற்கத் தெரியும். கையைத் தூக்கி, வாய்க்குள்ளேயே ஒரு விலை சொன்னார்.

ஏலக்காரி காதில் கை வைத்துக் குனிந்தாள்.

"என்ன சொன்னீங்க? கேக்கல!"