மூன்றரை சென்டிமீட்டர்

ஸ்டெல்லனுக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. காலையிலிருந்து மகளின் அறையில் மண்டியிட்டு, பலகை பலகையாக வாங்கிவந்த துணி அலமாரியைப் பொருத்திக்கொண்டிருந்தான். மணி மூன்று. வடகோடிக் குளிர் ஊரான யேவ்லேயில் நவம்பர் மாதம் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

ஐந்துக்குத் தூவா வருவாள். பதினான்கு வயது. பெற்றோர் பிரிந்ததிலிருந்து ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு. போன முறை கிளம்பும்போது சொன்னாள்: "அப்பா, எட்டு மாசமா பையிலேருந்தே துணி எடுத்துப் போட்டுக்கறேன். அடுத்த தடவையும் இப்படித்தான்னா, அம்மா வீட்டுலயே இருந்துடறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அலுத்துப்போய்ச் சொன்னாள்.

பின்பலகையில் நாற்பதாவது ஆணியையும் அடித்துவிட்டு, எதிர்வீட்டு யோரனைக் கூப்பிட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். இருவருமாக அலமாரியை மல்லாக்கப் புரட்டி, தலைப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். பாதிக்கு மேல் நிமிர்ந்ததும் மடாரென்று நின்றது. ஸ்டெல்லன் தலையில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க!"

"எங்கப்பா தள்ளறது? மேல இடிக்குது."

"அலமாரி இருநூத்தி முப்பத்தாறு. கூரை இருநூத்தி நாப்பது. நாலு சென்டிமீட்டர் மிச்சமிருக்கே!"

"நின்னா மிச்சமிருக்கும். நிமிரணுமே! மூலைக்கு மூலை எவ்வளவு?"

ஆழம் அறுபது. ஸ்டெல்லன் மனதுக்குள் உயரம், ஆழம் இரண்டையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் கண்டான். இருநூற்று நாற்பத்து மூன்றரை.

"ஆமா, பள்ளிக்கூடத்துல நீ என்ன பாடம் எடுக்கற?"

"கணக்கு."

அலமாரியை மெல்லத் திரும்பக் கிடத்தியதும், யோரன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையலறை மேசையில் இருபத்தொன்பது விடைத்தாள்கள் கிடந்தன. 'செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தரப்பட்டுள்ளன. மூன்றாவது பக்கம் காண்க.' தவறவிட்ட ஒரு பையனின் தாளில் நேற்றுதான் சிவப்பு மையால் எழுதியிருந்தான்: 'இவ்வளவு சுலபமான கணக்கு! கவனம் எங்கே?'

நிற்கவைத்தே பொருத்தியிருந்தால் வம்பே இல்லை. இனி நாற்பது ஆணியையும் பிடுங்க வேண்டும். பின்பலகை வெறும் அட்டை, கிழிந்துவிடும்.

"நாளைக்குப் பாத்துக்கலாம், விடுப்பா," என்று யோரன் போய்விட்டார். நாளைக்கு யாருக்கு அலமாரி வேண்டும்? ஸ்டெல்லன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். எழுந்து விளக்கைப் போடக்கூடத் தெம்பில்லை.

ஐந்து மணிக்குச் சாவி திரும்பியது. தூவா தோளில் பையோடு வந்து விளக்கைப் போட்டாள்.

"ஏன் படுத்துக் கிடக்கு?"

"நிமிர மாட்டேங்குது. மூலைக்கு மூலை மூன்றரை சென்டிமீட்டர் அதிகம்."

"நீ கணக்குப் போட்டுப் பாக்கலயா?"

"இல்லம்மா."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அம்மா வீட்டுக்கே கிளம்பிவிடுவாள் என்று நினைத்தான். அவளோ அவன் தலைச் சுண்ணாம்பையும் உள்ளங்கைக் கொப்புளங்களையும் பார்த்தாள். பிறகு குனிந்து, பெரிய பெட்டி போலத் திறந்து கிடந்த அலமாரிக்குள் தன் ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். காலுறைவரை எல்லாம் உள்ளே போயின. கடைசியில் பையைத் தலைகீழாக உதறினாள்.

"அப்பா, இந்தப் பைய எங்க வைக்கட்டும்?"