ஆடும் பெட்டி

கன்டெய்னர் பெட்டி கப்பலின் விளிம்பில் மோதியது. திரை சிவப்பானது. உண்மையில் அங்கே கப்பலும் இல்லை, பெட்டியும் இல்லை. மில்லர்புரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தின் ஏசி அறையில், மூன்று பக்கமும் திரை சூழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் ஷெர்லின். ஆனாலும் நிஜமாகவே இடித்துவிட்டதுபோல அவள் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை கடைசி டெஸ்ட்மா," என்றார் பயிற்சி கொடுக்கும் கிருபாநிதி. அவர் குரலில் கோபமே இல்லாததுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. "அதுலயும் இடிச்சா உங்கள நிஜ கிரேன்ல ஏத்த முடியாது."

டிப்ளமோ முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், துறைமுகக் கிரேன் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வரும் கணவன் ஃபிராங்க்ளின் மட்டும் போனில் சிரித்துவிட்டு, "சேந்துக்கோளா" என்றான். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சந்தேகம் கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று எதையும் கேட்கமாட்டாள்.

இணையத்திலும் ஒரு துறைமுகம் இருந்தது. கிரேன் படிக்கும் தமிழ் ஆட்கள் எண்ணூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஒரே நேரத்தில் அதற்குள் வந்து ஓட்டிப் பழகுவார்கள். ஒவ்வொரு கிரேனுக்கும் மேலே அதை ஓட்டுபவரின் பெயர் மிதக்கும். ஷெர்லின் அதில் சேர்ந்திருந்தாலும், யாரும் வராத மதிய நேரமாகப் பார்த்துத்தான் உள்ளே போவாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போதே போனாள். தான் இடித்த வீடியோவை எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டாள். 'எங்க தப்புன்னு சொல்லுங்க' என்று எழுதிவிட்டு, லேப்டாப்பை மூடிவிடலாமா என்று நினைத்தாள்.

அதற்குள் கொழும்பு சிவபாலன் தன் பழைய வீடியோ ஒன்றைப் போட்டான். "இதப் பாருங்கோ அக்கா. நான் லொறிய நசுக்கியே போட்டன்." அதன்பின் ஆளாளுக்குத் தாங்கள் இடித்ததைப் போட ஆரம்பித்தார்கள். ஷெர்லின் வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு பேர் இடித்திருக்கிறார்களா?

அப்போது இன்னொரு பெண் குரல் கேட்டது. ஆறுமுகநேரிக்காரி, எண்ணூரில் படிக்கும் இசக்கிசெல்வி. "அக்கா, பெட்டி ஆடுனதும் நீங்க பயந்து நிறுத்துதீய. நிறுத்துனா இன்னும் ஆடும். அது எந்தப் பக்கம் போகுதோ, நீங்களும் அந்தப் பக்கமே கொஞ்சம் போங்க. கூடவே போனா அடங்கிரும். நான் கத்துக்கிட்டதே போன மாசந்தான்."

ஒவ்வொரு சாயங்காலமும் ஓட்டிப் பழகினார்கள். மற்றவர்கள் தங்கள் கிரேனை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, ஷெர்லினுடையது மட்டும் நகரும். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாமியார் அந்தோணியம்மாள் ஒருநாள் கேட்டாள், "ஏளா, இங்கன காத்தே அடிக்காதா?" அது மைக்கில் கேட்டுவிட்டது. சிவபாலன் உடனே திரைத் துறைமுகத்தில் காற்றைக் கூட்டிவைத்தான். பெட்டி பேயாட்டம் ஆடியது. எல்லா ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் "கூடவே போ, கூடவே போ" என்றார்கள். அவள் போனாள். பெட்டி மெல்ல அடங்கித் தரையில் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை திரை சிவப்பாகவே இல்லை. கிருபாநிதி இன்னொரு பெட்டி தூக்கச் சொன்னார். பிறகு இன்னொன்று. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போன தடவ இப்படி இல்லையே, யார்ட்ட படிச்சீங்க?" என்றார்.

"நெறைய பேர்ட்ட சார்," என்றாள் ஷெர்லின்.

அடுத்த மாதம் அவளை நிஜக் கிரேனில் ஏற்றினார்கள். கிருபாநிதி பின்னால் நின்றார். காலுக்குக் கீழே கண்ணாடித் தளம். அதற்கும் கீழே, மிக ஆழத்தில், கப்பல். கடலிலிருந்து வந்த காற்று கேபினை உலுக்கியது. எந்தத் திரையிலும் இல்லாத உப்பு வாடை. பெட்டி எழும்பியது, ஆடியது. அவள் நிறுத்தவில்லை. அதோடு கூடவே போனாள். ஆட்டம் குறுகிக் குறுகி நின்றதும் மெல்ல இறக்கினாள். லாரியின் நான்கு மூலையிலும் பெட்டி பொருந்தி உட்கார்ந்த சத்தம், இரும்பு வழியாக ஏறி வந்து அவள் உள்ளங்காலில் கேட்டது.

கீழே அந்த லாரி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. வரிசையில் நின்ற எல்லா லாரிகளும் ஒரு இடம் முன்னால் வந்தன. அடுத்த லாரியின் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, அவள் காலடிக்கு நேராக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.