தொடங்கிய நேரம்

“எப்போ தொடங்கினது?” டாக்டர் ஷிஜா மலையாளம் கலந்த தமிழில் மறுபடியும் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம்” என்றான் மகேஷ்குமார். பொய்.

அவன் அண்ணன் நயினார் அன்று காலையில்தான் மூளைக்காய்ச்சலில் இறந்திருந்தான். உடலை வண்டியில் ஏற்றுமுன் மூளையிலிருந்து ஊசியால் துளி சதை எடுக்க அனுமதி கேட்டார் டாக்டர்.

“வைரஸ் மூளை செல்லோட நியூக்ளியஸுக்குள்ள கேறும் மோனே. அங்க காவல் நிக்கிற புரோட்டீனைத்தான் முதல்ல உடைக்கும். எத்தனை மணிக்கூர்ல எவ்வளவு உடைஞ்சிருக்குன்னு பார்க்கணும். நேரம் தப்பாச் சொன்னா எங்க ஆராய்ச்சியே தப்பு. அவரோட வொய்ஃபும் சம்மதிக்கணும்.”

“ஒரு நாள் முந்தி கூட்டியாந்திருந்தா, டாக்டர்?”

அவர் பேனாவை மூடினார்.

வள்ளியூர் வீட்டில் அழுகைச் சத்தம். போன் பேசினால் மதினி உலகம்மாளுக்குக் கேட்காது. அவனுக்கு டைப் அடித்துப் பழக்கமில்லை. வெளியே வந்து போனின் மைக்கை அழுத்திச் சொன்னான், எழுத்தாக விழுந்தது.

“மதினி, அண்ணன் தலையில ஊசி வச்சி கொஞ்சம் எடுத்துப் பாக்கணும்ங்காவ. அந்தக் கிருமி செல்லுக்கு நடுவுல போயி உள்ள இருக்கதையெல்லாம் மாத்திருமாம்.”

“மொகத்தக் கெடுத்துர மாட்டாவளே?”

“இல்ல மதினி.”

“எடுக்கட்டும். எப்பம் ஆரம்பிச்சிச்சாம் தம்பி?”

சனிக்கிழமை மதியம், கழக்கூட்டத்து வாடகை அறையில், நயினார் சிமென்ட் பூசும் கொத்துக் கரண்டியைக் காதில் வைத்து யாருடனோ பேசினான். “அண்ணாச்சி இன்னிக்கு ஃபுல்லு போல!” என்று கூட வேலை செய்யும் அஜின் சிரித்தான். நயினாரின் உடம்பு கொதித்தது. குடித்த சூடு என்று மகேஷ்குமார் நினைத்தான். மேஸ்திரி கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று அவனை உள்ளே விட்டு அறையை வெளியிலிருந்து பூட்டினான். ஞாயிறும் பூட்டினான். சாயங்காலம் திறந்தபோது வலிப்பு.

மைக்கை அழுத்தினான்.

“சனிக்கிழமை மத்தியானமே மதினி. குடிச்சிருக்கான்னு நான்தான் உள்ள வச்சிப் பூட்டுனேன்.”

அனுப்பினான். உள்ளே போய், “சனிக்கிழமை டாக்டர். ரெண்டு மணி” என்றான். அவர் முன்பு எழுதியதை அடித்துவிட்டு எழுதினார்.

வண்டி கிளம்பியபின் பதில் வந்தது.

“அன்னைக்கு நாலு மணிக்கு எனக்குப் போன் போட்டாரு. ஒளறுனாரு. குடிகாரப் பயலேன்னு வஞ்சி போன வச்சிட்டேன். பொறவு ஆறு தடவ அடிச்சாரு. நான் எடுக்கல தம்பி.”

கரமனைப் பாலத்தில் வண்டி குலுங்கியது. ஸ்ட்ரெச்சர் நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பாலம் முடிந்தும் விடவில்லை.