மாமன் இருக்கும் ஊரில் ஓர் அறை

1.

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. பயத்தில் பிறந்தது என்றுதான் எழுதியிருந்தேன். முதல் வரியிலேயே உங்களைத் துரத்திவிடக் கூடாதே என்று மாற்றினேன்.

அழைத்தவள் பவானேஸ்வரி. முன்பு இங்கே மலாக்காவில், பத்து பெரண்டாம் பகுதித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள். கல்யாணமாகித் தைப்பிங் போய்விட்டாள்.

“அக்கா, ஸ்கூல் லீவுக்கு அகல்யாவக் கூட்டிக்கிட்டு மலாக்கா வர்றேன். டவுன் நடுவுல, சீப்பா ஒரு ரூம் பாத்துக் குடுங்களேன்.”

“ரூமா? உங்கண்ணன் இங்கயே குருபோங்ல அவ்ளோ பெரிய வீட்ட வச்சிருக்காரு, நீ ரூம் தேடுறியா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமா வீட்டுல தங்க மாட்டேன்னு அழறாக்கா. போன லீவுக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து இப்படித்தான்.”

“ஏனாம்?”

“கேக்கல. அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க லா.”

அகல்யா பவானியின் ஒரே மகள். நாலாம் வகுப்பு. அவள் அந்த வீட்டில் தூங்கக் கூடாது. இந்தக் கதையில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2.

முதலில் நகைச்சுவையாகத் தொடங்கிப் பார்த்தேன்: “மலிவான அறைக்கும் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு, படத்தில் பார்த்தால்…” [வேண்டாம். எனக்கே சிரிப்பு வரவில்லை.]

இன்னொரு தொடக்கம்: “ஜோங்கர் தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில், ஆற்றைப் பார்த்தபடி…” [இது விளம்பரம்.]

நடந்தது இதுதான். விடுமுறை நாளில் டவுனுக்குப் போய் அறை அறையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் மெத்தை விரிப்பைப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, கதவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் குளியலறை நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. பிள்ளை அங்கே தனியாக நடந்து போவதை நினைத்ததும் வாடகைகூடக் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன். நடு டவுன் என்றால் வேடிக்கை பார்க்க வசதி என்று நினைத்திருந்தவள் நான். அன்றைக்கு அதன் அர்த்தம், கத்தினால் நாலு பேருக்குக் கேட்கும் இடம்.

கடைசியில் ஹனீஃப் பாயின் விடுதி பிடித்தது. கீழே அவருடைய துணிக்கடை, மேலே அறைகள். சின்ன அறைதான், வாடகையும் கம்மி. தாழ்ப்பாள் கெட்டியாக இருந்தது.

3.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. ஆனால் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமன் வீடு இருக்கும் ஊரில் காசு கொடுத்துத் தங்குவது நம் ஆட்களிடம் சின்ன விஷயமில்லை. மாமன் முகத்தில் அறைந்த மாதிரி. அதுவும் தாய்மாமன்! அவர் மடியில் உட்கார வைத்துத்தான் அகல்யாவுக்குக் காது குத்தினார்கள். நாளைக்கு அவள் பெரியவளானால் சீர் கொண்டு வரவேண்டியவரும் அவர்தான்.)

அவர் பெயர் சாமிநாதன். இவரை எழுத எனக்குக் கை ஓடவில்லை. “சாமிநாதனின் சிவந்த கண்கள்…” [பொய்.] அவர் கண்கள் எல்லோர் கண்களையும் போலத்தான் இருக்கின்றன. பிறந்து வளர்ந்த புலாவ் செபாங் எஸ்டேட்டில் அப்பா இறந்த பிறகு தங்கையைப் படிக்க வைத்தவர். கோவில் கமிட்டியில் இருப்பவர். திருவிழாவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பவர். என் மகளுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

[இந்த வரியை எழுதியதும் எழுந்துபோய் மகளுக்குப் போன் செய்தேன். “என்னம்மா?” என்றாள். “சும்மாதான்” என்று வைத்துவிட்டேன்.]

அவர்மேல் ஒரு தப்பும் இல்லாமலும் இருக்கலாம். அந்த வீட்டில் ஒரு நாய் உண்டு. பிள்ளை நாய்க்குப் பயந்திருக்கலாம் என்று எழுதினேன். அப்பாடா, எவ்வளவு நிம்மதி! ஆனால் அகல்யா நாயைக் கண்டால் ஓடிப்போய்த் தடவிக் கொடுக்கிறவள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

4.

பவானியும் மகளும் மதியம் வந்து இறங்கினார்கள். விடுதிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பாய் வாய் நிறைய வரவேற்றார்.

“எந்த ஊரும்மா? யாரு வூட்டுப் புள்ள?”

நம் ஆட்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். நாமும் சொல்லாமல் இருக்க மாட்டோம்.

“புலாவ் செபாங் பாய். குருபோங் சாமிநாதன் தங்கச்சி.”

பவானிக்கு வாய்ப் பழக்கம். சின்ன வயதிலிருந்து அண்ணன் பேரைச் சொல்லி வளர்ந்தவள். சொன்ன பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

“அட, நம்ம சாமிநாதனா! கோவிலுக்கு வேட்டியெல்லாம் நம்மகிட்டதானே எடுக்குறாரு!” பாய் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். “சாமி, உன் தங்கச்சி இங்க வந்து நிக்கிது. டவுன்லதான் இருக்கியா? வா, வா.”

“ஐயோ, வேணாம் பாய்” என்று நான் சொன்னது அவர் சிரிப்பில் கேட்கவில்லை.

5.

பையை மாடிக்கு ஏற்றுவதற்குள் கார் வந்து நின்றுவிட்டது.

“என்னா பவானி, அண்ணன் செத்தா போயிட்டேன்? ஊரு சிரிக்காது? கெளம்பு, வீட்டுக்குப் போவோம். அண்ணிய சமைக்கச் சொல்லிட்டேன்.”

குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கண்கூடக் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

“அதானே” என்றார் பாய்.

அகல்யா படியில் ஏறி நின்று கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, மாமாகிட்ட வா” என்று அவர் கை நீட்டினார்.

முடிவு ஒன்று: பை காரில் ஏறுகிறது. [கொன்றாலும் எழுத மாட்டேன்.]

முடிவு இரண்டு: பவானி “வரலண்ணே” என்கிறாள். “ஏன்?” என்கிறார் அவர். அவள் மகளிடம் கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு? [அழுதுகொண்டே மகளோடு காரில் ஏறிவிடுவாள். எனக்குத் தெரியும்.]

முடிவு மூன்று: நான் அவரைத் திட்டி விரட்டுகிறேன். என்ன சொல்லித் திட்டுவது? “நீங்க இந்தப் புள்ளைய…” [

6.

முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். பவானி பேசுகிறாள், பாய் பேசுகிறார், சாமிநாதன் பேசுகிறார். நானோ பேச்சை நிறுத்தவே இல்லை. அகல்யாவுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. ஊரிலுள்ள தாழ்ப்பாளையெல்லாம் இழுத்துப் பார்த்த நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பையின் ஒரு வாரை சாமிநாதன் பிடித்துவிட்டார். இன்னொரு வார் என் கையில் இருக்கிறது. விட மாட்டேன். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

நீங்கள் வாருங்கள். உங்களிடம் யாரும் ‘யாரு வூட்டுப் புள்ள’ என்று கேட்கப் போவதில்லை. உங்களுக்கு அவர் அண்ணனும் இல்லை, வாடிக்கைக்காரரும் இல்லை. படியேறி அகல்யா பக்கத்தில் உட்காருங்கள். அவர் காதில் விழாமல் மெதுவாகக் கேளுங்கள். அவள் சொல்வதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

“ஏம்மா அங்க போக வேணாங்கிற?”

“…………………………………………”

சீக்கிரம். அவர் இழுக்கிறார்.